யாருடைய காத்திருப்பு குறைகிறது?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர் இன்று டிக்கெட்டும் அறையும் எடுத்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பெயர்பெற்ற உணவகத்தில் மேசை வேண்டுமென்றால் 60 நாள் முன்னதாகப் பதிய வேண்டும். நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் ‘லைட்னிங் லேன்’ அனுமதியை நிறுவனத்தின் விடுதியில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும், வெளியே தங்குபவர்கள் 3 நாள் முன்பும், காலை 7 மணிக்குச் செயலியில் வாங்கலாம். நம் ஊரில் தட்கல் டிக்கெட்டுக்காகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மணி பத்தாகக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். இதைச் சமாளிக்கவே கூட்ட நாள்காட்டிகள், வழித்திட்டங்கள், காத்திருப்பு நேரத்தைக் கணிக்கும் செயலிகள், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வழிகாட்டி நூல்கள் என்று ஒரு தனி உலகமே உருவாகியிருக்கிறது. இந்தக் கருவிகள் பலன் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சில கருவிகள் காலியாகப் போகும் இருக்கைகளை நிரப்புகின்றன; சில, ஒருவரின் காத்திருப்பை இன்னொருவர் தலையில் ஏற்றுகின்றன. இந்த வேறுபாட்டைப் பாராமல் ‘திட்டமிடல் நல்லதா கெட்டதா’ என்று விவாதிப்பதில் பொருளில்லை.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வழித்திட்டம். பாப் செலிங்கரும் லென் டெஸ்டாவும் எழுதிவந்த ‘அன்அஃபிஷியல் கைடு’ நூல்களும், டெஸ்டா நடத்தும் ‘டூரிங் பிளான்ஸ்’ சேவையும் இதில் முன்னோடிகள். கணினி அறிவியலில் ‘பயண விற்பனையாளர் சிக்கல்’ என்று ஒன்று உண்டு: பல ஊர்களுக்கும் ஒருமுறை போய்வர மிகக் குறுகிய வழி எது? டெஸ்டா பூங்காவையும் அப்படித்தான் பார்த்தார். ஆனால் இங்கே கணக்கு இன்னும் கடினம், ஏனென்றால் ஊர்களுக்கு இடையிலான தூரம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் கதவு திறந்த முதல் சில நிமிடங்களில் ‘செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின்’ ரைடில் விரைவாக ஏறிவிடலாம். முற்பகலுக்குள் அதே வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். மாறாக ‘ஹாண்டட் மேன்ஷன்’ போன்ற பழைய ரைடுகள் தொடர்ந்து நகரும் வண்டிகளில் மணிக்கு மணி பெருங்கூட்டத்தை விழுங்குபவை. காலையில் அங்கே ஆளே இருக்காது, வண்டிகள் வெறுமனே சுற்றும். எந்த ரைடை எந்த மணிக்கு வைத்துக்கொள்வது என்று அடுக்கித் தருவதுதான் வழித்திட்டம். அதன்படி அதிகாலையில் வருபவர் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. வீணாகப் போயிருக்கும் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, நண்பகல் கூட்டத்திலிருந்து ஒரு தலையைக் குறைத்தும் விடுகிறார்.

கூட்ட நாள்காட்டியும் இதே வகைதான். அமெரிக்கப் பள்ளிகள் திறந்துவிட்ட செப்டம்பரில் போகச் சொல்வதும், கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்க்கச் சொல்வதும் நெரிசலைப் பரப்புகின்றன. எல்லாரும் ஒரே நாள்காட்டியைப் பின்பற்றினால் காலி நாளும் நிரம்பிவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு அது நடந்தும் இருக்கிறது. 2018 முதல் டிஸ்னியே தேதிக்குத் தேதி டிக்கெட் விலையை மாற்றி மேடுபள்ளங்களைச் சமன்செய்து வருகிறது. ஆயினும் பள்ளி விடுமுறை என்ற கட்டுப்பாடு பெரும்பாலான குடும்பங்களை ஒரே வாரங்களில் கட்டிப்போட்டிருப்பதால், காலி நாள் முற்றிலும் நிரம்புவதில்லை. செப்டம்பருக்கு விலை வேறு விதமாக வருகிறது: கொளுத்தும் வெயிலும், சூறாவளிகள் உச்சத்தில் இருக்கும் பருவமும்.

இரண்டாம் வகையான முன்பதிவு அனுமதிதான் உண்மையில் ஆராய வேண்டியது. லைட்னிங் லேனின் முன்னோடியான ‘ஃபாஸ்ட்பாஸ்’ 1999-இல் அறிமுகமானபோது அது இலவசம். ரைடின் அருகே உள்ள இயந்திரம் தரும் சீட்டில் குறித்த நேரத்துக்குத் திரும்பிவந்தால் போதும். அடுத்து, கையில் கட்டும் ‘மேஜிக் பேண்டு’டன் 2014-க்குள் அது ‘ஃபாஸ்ட்பாஸ் பிளஸ்’ ஆகி, விடுதி விருந்தினர் 60 நாள் முன்பும் மற்றவர்கள் 30 நாள் முன்பும் நாளுக்கு மூன்று ரைடுகளை வீட்டிலிருந்தே பதியும்படி மாறியது. இந்த ஏற்பாட்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. பெருந்தொற்றுக்குப் பின், 2021 அக்டோபரில், இலவசம் போய் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலரில் ‘ஜீனி பிளஸ்’ வந்தது. அடுத்த ஆண்டிலேயே விலை தேதிக்கேற்ப ஏறி இறங்கத் தொடங்கியது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு இன்றைய லைட்னிங் லேன் ‘மல்ட்டி பாஸ்’ வந்தது. இத்தனை மாற்றங்களிலும் மாறாத ஒன்று உண்டு: ஒரு ரைடில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கை.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஒரு ரைடில் மணிக்கு 1,500 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவே இல்லாவிட்டால், முன்னால் 500 பேர் நிற்கும் வரிசை 20 நிமிடத்தில் நகர்ந்துவிடும். 1,000 இருக்கைகளை முன்பதிவுக்கு ஒதுக்கிவிட்டால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 500 இருக்கைகள்தான். அதே 500 பேர், அதே நீள வரிசை, ஆனால் காத்திருப்பு ஒரு மணி நேரம். முன்பதிவு செய்தவர் மிச்சப்படுத்திய நிமிடங்கள் எங்கிருந்தோ முளைத்தவை அல்ல, பக்கத்துக் கம்பிவேலிக்குள் நிற்பவரிடமிருந்து எடுக்கப்பட்டவை. ‘டிஃபங்க்ட்லேண்ட்’ ஆவணப்படத் தொடரை எடுக்கும் கெவின் பெர்ஜுரர் 2021-இல் ஃபாஸ்ட்பாஸின் வரலாற்றைப் படமாக்கியபோது, கற்பனைப் பூங்கா ஒன்றைக் கணினியில் இயக்கிப் பார்த்தார். அதுவும் இதே திசையையே காட்டியது: முறையை நன்கு அறிந்தவருக்கு லாபம், சாதாரண வரிசையில் நிற்பவருக்கு நீண்ட காத்திருப்பு.

நிறுவனத்தின் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. வரிசையில் நிற்காத மனிதர் அந்த நேரத்தில் சாப்பிடலாம், கடைகளைப் பார்க்கலாம், குழந்தையோடு நிழலில் உட்காரலாம் என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. காலூன்றி நிற்க முடியாத முதியவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பெரும்பாலோர் அந்த நேரத்தில் உட்காருவதில்லை, இன்னொரு ரைடின் வரிசையில் போய் நிற்கிறார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் இருப்பதால், பூங்காவின் மொத்த வரிசை நீளம் குறையாமல் கூடுகிறது. நாள் முழுக்க ரைடுகள் நிரம்பியே ஓடினால், முன்பதிவு புதிதாக ஓர் இருக்கையையும் சேர்ப்பதில்லை. கட்டணம் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். சாதாரண வரிசை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு கிராக்கி மல்ட்டி பாஸுக்கு. வரிசையைக் குறைக்க வேண்டிய நிறுவனத்துக்கே, வரிசை நீண்டால் வருமானம் என்றாகிவிட்டது.

“விதிகள் எல்லாருக்கும் பொது, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே” என்பது அடுத்த வாதம். விதிகளின் நுணுக்கத்துக்குள் போனால் அந்தப் பொதுமை கரைந்துவிடும். விடுதி விருந்தினர், அறைக்கு வரும் நாளிலிருந்து 7 நாள் முன்னதாகவே, தங்கும் நாட்கள் முழுவதற்கும் சேர்த்துப் பதிய முடியும். அப்படியானால் தங்கலின் ஐந்தாம் நாளுக்கான இடத்தை அவர் 11 நாள் முன்பே பிடிக்கிறார். அதனால்தான் அனுபவசாலிகள், கடும் கிராக்கி உள்ள ‘ஸ்லிங்கி டாக் டேஷ்’ போன்ற ரைடுகளைப் பயணத்தின் இறுதி நாட்களுக்குத் தள்ளுங்கள் என்கிறார்கள். ஆலோசனை சரியானதுதான். அது யாருக்குப் பலிக்கும்? பல இரவுகள் உள்ளேயே தங்க வசதியுள்ளவருக்கு. ஒரே ஒரு நாள் டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்து வந்தவரோ, இந்தியாவிலிருந்து வந்த பெற்றோரை ஒருமுறை அழைத்துப்போகும் மகளோ, மூன்று நாள் முன்பு செயலியைத் திறக்கும்போது மிச்சத்தைத்தான் பார்ப்பார்கள்.

திட்டமிடல் விடுமுறையின் இனிமையையே கொன்றுவிடுகிறது என்பாரும் உண்டு. இதை முழுதாக ஏற்க முடியவில்லை. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, விடுமுறைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதையும், திரும்பிய பிறகு பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதையும் கண்டது. எதிர்பார்ப்பும் விடுமுறையின் ஒரு பகுதிதான் என்றால், குழந்தையோடு வரைபடத்தை விரித்து வைத்துப் பேசும் மாலைகளை இழப்புக் கணக்கில் எழுத முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் பின்னிய திட்டம், ஃப்ளோரிடாவின் கோடைப் பிற்பகலைத் தாங்காது. இடி மின்னல் நெருங்கியதும் திறந்தவெளி ரைடுகள் நிறுத்தப்படும். முன்பதிவு உள்ளவருக்கு வேறொரு ரைடில் ஏற மாற்று அனுமதி கிடைக்கும். முக்கால் மணி நேரம் சாதாரண வரிசையில் நின்றவருக்கு வழக்கமாக அதுவும் கிடையாது. ஆகவே காலையில் இறுக்கமாகவும் பிற்பகலில் தளர்வாகவும் இருக்கும் திட்டமே தாக்குப்பிடிக்கிறது. நடுப்பகலில் அறைக்குத் திரும்பி, குழந்தையைத் தூங்கவைத்து, மாலையில் மீண்டும் வரச் சொல்லும் பழைய ஆலோசனை, எந்தச் செயலியின் கணிப்பையும்விட இன்றும் பயனுள்ளது.

இந்தப் பயணத்துக்குத் தயாராகும் குடும்பம் முதலில் நம்ப வேண்டியவை நாள்காட்டியும் அதிகாலையும்தான். கட்டண அனுமதியை அவை கைகொடுக்காத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதை வாங்குபவர் மீது குற்றம் சொல்ல இடமில்லை; நீண்டுபோன வரிசை அவர் உண்டாக்கியது அல்ல. பொறுப்பு நிறுவனத்துடையது. ரைடின் வாசலில் காட்டப்படும் காத்திருப்பு நேரம் உண்மையைவிடக் கூடுதலாகவே பெரும்பாலும் இருப்பதை டூரிங் பிளான்ஸ் போன்றவர்கள் கடிகாரம் வைத்து அளந்து காட்டியிருக்கிறார்கள். சரியான எண்கள் நிறுவனத்தின் கணினியில் உள்ளன. பார்வையாளர்தான் ஊகத்தில் திட்டம் போடுகிறார். இந்த மணி நேரத்தில் எத்தனை இருக்கைகள், அவற்றில் எத்தனை முன்பதிவுக்குப் போய்விட்டன என்ற இரண்டு எண்களை அதே பலகையில் எழுதட்டும். சாதாரண வரிசைக்கு இத்தனை பங்கு நிச்சயம் என்று ஒரு கீழ்வரம்பும் வைக்கட்டும். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர் கேட்க உரிமையுள்ள தகவல்தான் அது.