நாலு மணி நேரம், யார் கணக்கில்?

வாரத்துக்கு நாலே மணி நேரம் வேலை. மிச்ச நேரமெல்லாம் அர்ஜென்டினாவில் டாங்கோ ஆடலாம். கசக்குமா என்ன? டிம் ஃபெரிஸ் 2007-ல் எழுதிய 'தி ஃபோர் ஹவர் வொர்க்வீக்' சக்கைப்போடு போட்டதற்கு அந்தத் தலைப்பே பாதிக் காரணம். லேப்டாப்பும் கையுமாக ஊர் ஊராகத் திரிந்து சம்பாதிக்கிறவர்களில் பலருக்கு இன்றைக்கும் இதுதான் வேதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸிலிருந்து நழுவுவது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளியில் ஓரிரு நாள் வேலை பார்த்து, ஆபீஸில் செய்வதைவிட அதிகமாகச் செய்து காட்டு. அதைக் கணக்காக எழுதி வை. அப்புறம் மேலதிகாரியிடம் போய், 'கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க ஸார், சரிப்படலைன்னா திரும்பி வந்துடறேன்' என்று கேள். 2020-ல் கொரோனா உலகத்தையே வீட்டுக்கு அனுப்புவதற்கு 13 வருடம் முன்னால் எழுதியது இது. ஓய்வை அறுபது வயதுக்குத் தள்ளிப்போடாமல், இடையிடையே எடுத்துக்கொள் என்கிறார். சபாஷ் போடலாம்.

உறுத்துவது இன்னொரு பகுதி. உங்கள் வேலையை மலிவாகச் செய்து தருகிற ஆளிடம் தள்ளிவிடுங்கள் என்கிறாரே, அது. யார் அந்த ஆள்? சாட்சாத் நாம்தான்! பெங்களூர் கம்பெனி பெயரோடு வருகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் 2005-ல் 'எஸ்கொயர்' இதழில் எழுதிய கட்டுரையையும் எடுத்துப் போட்டிருக்கிறார். மெயிலுக்குப் பதில் போடுவது, மனைவியிடம் சமாதானம் பேசுவது, கடைசியில் கவலைப்படுவது வரை இந்திய உதவியாளர்களிடம் ஒப்படைத்த கதை. சிரிக்காமல் படிக்க முடியாது. ஜேக்கப்ஸ் தன்னையும் சேர்த்துக் கேலி செய்துகொள்கிறார். ஃபெரிஸ் அதையே செய்முறைக் குறிப்பாக மாற்றிவிடுகிறார்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு பக்கம் வரவு என்றால், மறுபக்கம் எங்கே பற்று எழுதியிருக்கிறது என்று தேடுவான். ஃபெரிஸ் மிச்சம் பிடித்த மணி நேரங்கள் ஆவியாகிப் போய்விடவில்லை. வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கின்றன. கோடையில் நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. அங்கே அவர் கிளம்ப, இங்கே ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது. அதற்குச் சம்பளம் உண்டு, விரும்பித்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால், அந்த உதவியாளர் எப்போது ஊர் சுற்றுவார்? எல்லோரும் வேலையைத் தள்ளிவிட்டால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா? எல்லோருக்கும் பொருந்தாத ஒன்றை எல்லோருக்கும் விற்பதுதான் இந்தப் புத்தகத்தின் சாமர்த்தியம்.

இவருக்கு முன்பே ஒருவர் இருந்தார். ஸ்டீவன் ராபர்ட்ஸ். 1983-ல் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸிலிருந்து, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளில் கிளம்பினார். கூடவே ஒரு குட்டி லேப்டாப். வழியில் எழுதுவார், பொதுத் தொலைபேசியில் இணைத்து அனுப்புவார். சுமார் 16,000 கிலோமீட்டர்! 1988-ல் 'கம்ப்யூட்டிங் அக்ராஸ் அமெரிக்கா' என்று புத்தகமாகவும் போட்டார். எழுத்து வேலையை யார் தலையிலும் கட்டாமல், முதுகுச் சுமையாகத் தூக்கிக்கொண்டே போனவர்.

ஃபெரிஸைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலதிகாரியைச் சமாளிக்கிற பக்கங்களைப் பென்சிலால் கோடு போட்டே படியுங்கள். வேலையைத் தள்ளிவிடுகிற பக்கங்கள் வரும்போது மட்டும், ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கேப் ஏறுகிற உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.