ஹிமாலயனா, கேடிஎம்மா: மண் பாதையில் யார் கை ஓங்கும்?

நடுத்தர அட்வென்ச்சர் பைக் வாங்க நினைப்பவர் எத்தனை பட்டியல் போட்டாலும், கடைசியில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சுகின்றன: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர். முன்னது 2023 நவம்பரில் வந்தது. சென்னையை ஒட்டிய ஆலையில் தயாராகிறது. பின்னதன் புதிய தலைமுறை 2025 ஜனவரி இறுதியில் வந்தது. புனே அருகே சாகனில் உள்ள பஜாஜ் ஆலையில் தயாராகிறது. இரண்டிலும் ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், ஆறு கியர், முன்னால் 21 அங்குல, பின்னால் 17 அங்குல ஸ்போக் சக்கரங்கள். எதை வாங்கலாம் என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: நெடுந்தூரம் போவதற்கு ஹிமாலயன், காடு மேடெல்லாம் ஏற கேடிஎம். இந்தப் பதிலைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வாதம். கேடிஎம்மின் பலங்களில் பெரும்பகுதி தார்ச் சாலையில்தான் காசாகிறது. ஹிமாலயனின் பலங்களோ தார் முடியும் இடத்தில்தான் தெரியத் தொடங்குகின்றன. இதற்கு விதிவிலக்கான ஓட்டுநர்கள் உண்டு. அவர்கள் யார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் எஞ்சின். கேடிஎம்மின் 399 சிசி எஞ்சின் 8,500 ஆர்பிஎம்மில் 46 பிஎஸ் சக்தி தருகிறது. ஹிமாலயனின் 452 சிசி எஞ்சின் 8,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ் தருகிறது. எடை முறையே 183 கிலோ, 196 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு டன் எடைக்கு கேடிஎம்மில் ஏறத்தாழ 251 பிஎஸ், ஹிமாலயனில் 204 பிஎஸ். இருபது சதவீதத்துக்கும் மேலான இந்த வித்தியாசத்தோடு அலசலை முடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால் டார்க் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஹிமாலயன் தன் உச்ச டார்க்கான 40 நியூட்டன் மீட்டரை 5,500 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. கேடிஎம்மின் 39 நியூட்டன் மீட்டருக்கு 6,500 ஆர்பிஎம் வரை காத்திருக்க வேண்டும். காரணம் சிலிண்டரின் அளவிலேயே இருக்கிறது. கேடிஎம்மில் சிலிண்டரின் விட்டம் 89 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 64 மில்லிமீட்டர். ஹிமாலயனில் விட்டம் 84, ஓட்டம் 81.5. அகலமான, குட்டையான சிலிண்டர் வேகமாகச் சுழன்று சக்தி சேர்க்கும் வகை. விட்டமும் ஓட்டமும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பது மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும் வகை. மொத்த டார்க்கில் 90 சதவீதம் 3,000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது என்று ராயல் என்ஃபீல்டு சொல்வதற்கு அடிப்படை இந்த அமைப்புதான்.

மண்ணில் இந்த வேறுபாடு ஏன் அவ்வளவு முக்கியம்? ஆஃப்ரோடு என்றதும் விளம்பரங்கள் காட்டுவது மணல்மேட்டில் இருந்து பாயும் பைக்கை. இந்த பைக்குகளை வாங்குபவர்கள் சந்திக்கும் ஆஃப்ரோடு அதுவல்ல. லாஹௌல்-ஸ்பிதியில் கிராம்ஃபூவில் இருந்து பாத்தல் நோக்கிப் போகும் பாதையைப் போன்றது அது: உருளைக் கற்கள், குறுக்கே ஓடும் பனிநீர் ஓடைகள், எதிரே லாரி வந்தால் நின்றுதான் ஆக வேண்டிய அகலம். அங்கே வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில், கையை லேசாகத் திருகி, கல் மேல் கல்லாகச் சக்கரத்தை ஏற்றும் வேலை. எஞ்சின் 8,000 ஆர்பிஎம்மை நெருங்கப் போவதே இல்லை. ஆக, கேடிஎம்முக்குக் கூடுதலாக உள்ள 6 பிஎஸ் அங்கே பயன்படாமலே கிடக்கும். 3,000 ஆர்பிஎம்மில் தயாராக இருக்கும் டார்க்தான் வேலை செய்யும். அது போதாவிட்டால் ஓட்டுநர் க்ளட்சைப் பாதி பிடித்து எஞ்சினைச் சுழல வைக்க வேண்டும். நாள் முழுக்க அப்படி ஓட்டினால் இடது கை ஓய்ந்துவிடும். கை ஓய்ந்த பிறகுதான் பைக் சாய்கிறது.

உயரம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. லடாக்கின் உம்லிங் லா 5,799 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கும் காற்றுக்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும். இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அங்கே பாதி பலத்தோடுதான் ஓடும். பாதியாகக் குறையும்போது கூடுதல் 53 சிசி கொள்ளளவும், கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க்கும் இரட்டிப்பு மதிப்புப் பெறுகின்றன. தன் பைக்கின் வண்ணங்களுக்கு காசா, ஹான்லே என்று ஸ்பிதி, லடாக் ஊர்களின் பெயர்களை ராயல் என்ஃபீல்டு வைத்திருப்பது விற்பனை உத்திதான். ஆனாலும் அந்த ஊர்களை மனத்தில் வைத்துத்தான் எஞ்சினை வடித்திருக்கிறார்கள் என்பது அளவுகளிலேயே தெரிகிறது.

இனி கேடிஎம்மின் பக்கம். அதன் ஆயுதங்களை வரிசைப்படுத்துவோம்: வளைவில் சாய்ந்திருக்கும்போதும் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கார்னரிங் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், க்ளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் க்விக் ஷிஃப்டர், க்ரூஸ் கன்ட்ரோல். ஹிமாலயனில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மழையில் நனைந்த மலைச்சாலையில், கொண்டை ஊசி வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டவரைக் காப்பாற்றக்கூடியவை முதல் இரண்டும். பாதுகாப்பு என்ற அளவில் அவை பெரிய விஷயம். இதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்த வளைவு எங்கே இருக்கிறது? தாரில். க்விக் ஷிஃப்டருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்கும் வேலை எங்கே? அதுவும் தாரில்தான். மேல் ஆர்பிஎம்மில் பொங்கும் சக்தி தரும் உற்சாகமும் மலைச்சாலை ஏற்றங்களில் கிடைப்பதுதான். நெடுஞ்சாலை வேகத்தைப் பொறுத்தவரை, நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அதை இரண்டுமே சிரமமில்லாமல் எட்டும். ஆகவே சாலையில் கேடிஎம்மின் மேன்மை நேர்க்கோட்டு வேகத்தில் இல்லை, வளைவுகளில்தான் இருக்கிறது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் மண்ணிலும் உதவுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழகாத கை தாராளமாக ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதை அது தடுக்கும். ஆனால் ஜல்லி நிறைந்த ஏற்றத்தில் சக்கரம் கொஞ்சம் வழுக்கித்தான் ஏற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சக்தியைத் துண்டித்தால் பைக் நடு ஏற்றத்தில் நின்றுவிடும். அதனால்தான் கேடிஎம்மே ஆஃப்ரோடு மோடில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி வைத்திருக்கிறது. பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி ஹிமாலயனிலும் உண்டு. ஆக, மண்ணில் இறங்கும்போது ஒரு பைக் தன் எலெக்ட்ரானிக்ஸைக் கழற்றி வைக்கிறது. இன்னொன்றிடம் கழற்றி வைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேடிஎம்முக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு பங்கு அந்த நிமிடத்தில் தூங்கப் போய்விடுகிறது.

என் வாதத்துக்கு எதிரான பலமான மறுப்பு எடை. ஹிமாலயன் 13 கிலோ அதிகம். அதன் டேங்க் 17 லிட்டர், கேடிஎம்முடையது 14.5 லிட்டர் என்பதால் பெட்ரோல் எடையில்தான் வித்தியாசம் என்று சமாளிக்க முடியாது. இரண்டரை லிட்டர் பெட்ரோல் இரண்டு கிலோகூட வராது. மீதிப் பதினொரு கிலோவும் இரும்பும் அலுமினியமும்தான். விழுந்த பைக்கைத் தனியாளாகத் தூக்கும்போது அது உடம்பில் தெரியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை முறை தூக்க வேண்டியிருக்கும் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். மெதுவான வேகத்தில் பைக் சாய்வதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: எஞ்சின் அணைந்து போவது, கால் தரையில் எட்டாதது. முதல் காரணத்தில் ஹிமாலயனின் டார்க் கைகொடுக்கிறது. இரண்டாவதில் இருக்கை உயரம் ஏறக்குறைய சமம்: ஹிமாலயன் 825 மில்லிமீட்டர், கேடிஎம் 830. ஹிமாலயனில் அதை 845 வரை உயர்த்தலாம். தாழ்ந்த இருக்கை வாங்கிப் பொருத்தினால் 805-க்கு இறக்கலாம். சராசரி உயரமுள்ளவருக்கு இரண்டு பாதங்களும் தரையில் படிவது பதினொரு கிலோ குறைவதைவிடப் பெரிய காப்பு.

அடுத்த மறுப்பு சஸ்பென்ஷன். இரண்டிலும் முன்பக்கம் 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க். ஹிமாலயனில் ஷோவா, கேடிஎம்மில் டபிள்யூபி. இரண்டிலும் முன்சக்கரம் மேலும் கீழும் 200 மில்லிமீட்டர் அசையும். வித்தியாசம் அளவில் அல்ல, திருகில். கேடிஎம்மில் ஃபோர்க் அமுங்கும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் தனித்தனியே மாற்றலாம். ஹிமாலயனில் பின்பக்க ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது அதன் ஆரம்ப இறுக்கத்தை மட்டுமே மாற்ற முடியும். இங்குதான் நான் சொன்ன விதிவிலக்கு வருகிறது. கரடுமுரடான பாதையில் நின்றபடியே 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், மேட்டில் இருந்து இரு சக்கரமும் எழும்பி இறங்குகிறவர், அடுத்த ஓட்டத்துக்கு முன் திருகைத் திருப்பி வித்தியாசத்தை உணரத் தெரிந்தவர்: இவருக்கு கேடிஎம்தான் பைக், சந்தேகமே இல்லை. அந்த வேகத்தில் 183 கிலோவும் 46 பிஎஸ்ஸும்கூட விழித்துக்கொள்ளும். ஆனால் அவர் வாங்குகிறவர்களில் சிறுபான்மை. மற்றவர்களின் திருகுகள் ஷோரூமில் இருந்து வந்த நிலையிலேயே காலத்தைக் கழிக்கும். பின்னால் ஆள் ஏறினாலோ இரண்டு பக்கமும் மூட்டை கட்டினாலோ அவர்களுக்குத் தேவைப்படுவது ப்ரீலோடு. அது இரண்டிலும் இருக்கிறது.

நெடுந்தூர ஆஃப்ரோடு பந்தயமான டக்கார் ராலியைச் சுட்டிக்காட்டி வருபவர்களும் உண்டு. 2001 முதல் 2019 வரை நடந்த 18 டக்கார் போட்டிகளிலும் பைக் பிரிவில் வென்றது கேடிஎம்தான். 2015-இல் டக்காரை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் ஓட்டியதும் கேடிஎம்தான். விளையாட்டு வரலாற்றில் இதற்கு இணையான ஆதிக்கம் குறைவு. ஆனால் கேடிஎம்மின் 450 ராலி பைக்கின் சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டருக்கு மேல் அசையும், அது 30 லிட்டருக்கும் அதிகமான பெட்ரோலைச் சுமக்கும், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டது. சாகனில் இருந்து வரும் பைக்கோடு அதற்குள்ள உறவு நிறத்திலும் பெயரிலும்தான் அதிகம். நிறுவனத்தின் கோப்பை அலமாரி, வாங்குபவரின் கையில் இருக்கும் எஞ்சினுக்குக் கீழ் ஆர்பிஎம் டார்க்கைக் கூட்டித் தந்துவிடாது.

ஹிமாலயன் மேல் அதன் பழைய ரசிகர்களுக்கே ஒரு குறை உண்டு. 2016-இல் வந்த 411 சிசி ஹிமாலயன் 25 பிஎஸ்ஸைக்கூடத் தொடாதது. ஆனால் டீசல் எஞ்சின் போல அடியில் இருந்தே இழுத்தது. புதியது 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அந்த அளவு இழுப்பதில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் 411 இன்று நம் முன் உள்ள தேர்வு அல்ல. கேடிஎம்மோடு ஒப்பிடும்போது டார்க் சீக்கிரம் கிடைப்பது ஹிமாலயனில்தான். தூரக் கணக்கும் அதன் பக்கமே. மணாலி–லே பாதையில் தண்டி பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளித்தான் என்று எச்சரிக்கும் பலகை பைக் பயணிகளிடையே பிரசித்தம். அந்தத் தூரத்தை ஒரே டேங்க்கில் கடக்க கேடிஎம் லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் தர வேண்டும். ஹிமாலயனுக்கு 22 போதும். மூட்டையோடு, கீழ் கியரில், ஏற்றத்தில் ஓடும்போது அந்த மூன்று கிலோமீட்டர் சிறு வித்தியாசம் அல்ல.

கடைசியாகப் பணம். 390 அட்வென்ச்சரின் அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை 3.68 லட்சம். அதே நேரத்தில் ஹிமாலயன் 2.85 லட்சத்தில் தொடங்கியது. மேல் ரக ஹிமாலயனை எடுத்தாலும் அப்போது ஏறத்தாழ 70,000 ரூபாய் மிச்சமானது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஹிமாலயன் விலையை ஒட்டி கேடிஎம் நிறுத்திய பைக் 2.91 லட்சத்தில் வந்த 390 அட்வென்ச்சர் எக்ஸ். அதில் முன்சக்கரம் 19 அங்குல அலாய். அது சாலைக்கான சக்கரம். அந்த விலையில் தன் எஞ்சினுக்குப் பொருத்தமான இடம் தார்தான் என்று கேடிஎம்மே தீர்மானித்திருப்பதாக இதை வாசிக்கலாம். அப்படி மிச்சமாகும் பணத்தில் நல்ல பூட்ஸ், முழங்கால் கவசம், எஞ்சின் கார்டு எல்லாம் வாங்கி, ஓர் ஆஃப்ரோடு பயிற்சி முகாமுக்கும் போய் வரலாம். புதிதாக மண்ணில் இறங்குபவரின் ஓட்டத்தை எந்த ஃபோர்க் திருகையும்விட அந்தப் பயிற்சியே அதிகம் மாற்றும்.

ஆகவே முடிவை இப்படி வகுக்கலாம். வார இறுதியில் மலைச்சாலை வளைவுகளில் மகிழ்பவர், மழையிலும் ஓட்டுபவர், மண்ணைத் தொட்டும் தொடாமலும் போகிறவர் கேடிஎம் வாங்கட்டும். அவர்களில் பலருக்கு 19 அங்குல எக்ஸ் ரகமே போதும். மூட்டையோடு, மெதுவாக, கல்லும் ஓடையும் கடந்து நாள்கணக்கில் போகிறவர் ஹிமாலயன் வாங்கட்டும். மண்ணில் வேகமாக ஓட்டத் தெரிந்த சிறுபான்மையினர் மட்டும் 21 அங்குல கேடிஎம்முக்குத் திரும்பி வரலாம். தான் எந்த வகை என்று தெரியாதவர் டெஸ்ட் ரைடில் ஒரு சோதனை செய்யலாம். நெடுஞ்சாலையில் முறுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஜல்லி கொட்டிய காலி மனையில் முதல் கியரில், க்ளட்சைத் தொடாமல், நடக்கும் வேகத்தில் எட்டுப் போட்டுப் பார்க்கட்டும். எந்த பைக் அணையாமல் சுற்றி வருகிறதோ அதுவே அவருடைய ஆஃப்ரோடு பைக். அந்தச் சோதனை தேவையே இல்லை என்று தோன்றினால் அவருக்கு வேண்டியது சாலை பைக்.