மீறலும் உரிமையும்: பட்டி ஸ்மித்தின் பாடற்கலை

கலைஞர் ஒருவர் மரபை மீறினார் என்று கூறுதல் எளிது. எம்மரபை மீறினார், எப்பயன் கருதி மீறினார், அம்மீறலின்பொருட்டு யாருக்கு உரியதைக் கைக்கொண்டார் என்று ஆராய்ந்து காட்டுதலே திறனாய்வாளர் கடன். அமெரிக்க ராக் இசையுலகில் 1970களில் பெருங்கிளர்ச்சி விளைத்த பாடகி பட்டி ஸ்மித். அவரையும் அவர்தம் குழுவினரையும் பற்றிப் பேசுவோருள் ஒரு சாரார் அவருடைய துணிவைப் போற்றி அமைவர். மற்றொரு சாரார் வெறுத்து ஒதுக்குவர். அவர் செய்த மீறல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதனை இருசாராரும் எண்ணினாரல்லர். அவற்றுள் ஒன்று கலையாக நிலைபெற்றதும், மற்றொன்று பிழையாக முடிந்ததும் ஏன் என்பதே ஈண்டு ஆராயப்பெறும்.

1946ஆம் ஆண்டு சிகாகோவிற் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்த ஸ்மித், 1967இல் நியூயார்க் நகரை அடைந்தார். பாடகியாதல் அன்று அவர்தம் நோக்கமன்று, கவிஞராதலே நோக்கம். 1971 பிப்ரவரி 10ஆம் நாள் அந்நகரத்துச் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் அவர் தம் கவிதைகளைப் படித்தபோது, இசைத் திறனாய்வாளராகிய லென்னி கே என்பார் உடனிருந்து மின்கிதார் வாசித்தார். பிற்காலக் குழுவிற்கு இந்நிகழ்ச்சியே வித்து எனலாம். ராக் இசையில் தாளமும் இசையும் முதலில் அமைய, சொற்கள் அவற்றிற்கு இயைந்து வருதலே பெருவழக்கு. இங்கோ இயல் முன்னே செல்ல, இசை அதன் குறிப்பறிந்து பின்னே சென்றது.

அடுத்து ரிச்சர்டு சோல் பியானோவுடன் வந்து சேர்ந்தார். முரசு இல்லாமையால், பாட்டின் நீளத்தையும் நடையையும் சொல்வாரே வரையறுக்க இயன்றது. இளமையில் தொழிற்சாலையொன்றில் உழைத்த பட்டறிவைப் பாடி 1974இல் அவர் வெளியிட்ட முதல் இசைத்தட்டில், பாட்டிற்கும் பேச்சிற்கும் இடைப்பட்டதொரு நடையைக் காணலாம். இவான் கிராலும், முரசு முழக்கும் ஜே டீ டாகர்ட்டியும் பின்னர் இணைந்தனர். குழு ஐவராய் நிறைந்தது.

1975இல் ஜான் கேலின் மேற்பார்வையில் உருவாகிய ‘ஹார்சஸ்’ என்னும் தொகுப்பே இவர்தம் தலைசிறந்த படைப்பு. அதன் முதற்பாடலுக்கு அடிப்படை, ‘தெம்’ என்னும் குழுவுக்காக வான் மாரிசன் இயற்றி 1964இல் வெளிவந்த ‘குளோரியா’ ஆகும். தன்னை நாடி வரும் பெண்ணைக் குறித்து இளைஞன் ஒருவன் செருக்குடன் பாடுவதாக அமைந்தது அப்பாட்டு. ஸ்மித் தாம் முன்னரே எழுதியிருந்த கவிதையொன்றை அதற்குத் தோற்றுவாயாக அமைத்தார். தம் பாவங்களின் பொறுப்பைத் தாமே ஏற்பதாகக் கூறும் அக்கவிதை சமயப்பற்றுடையோரைப் புண்படுத்தியது. பரபரப்பு அதனால் எழுந்ததாயினும், பாட்டின் உண்மையான புதுமை வேறிடத்தில் உள்ளது.

அப்பாட்டைப் பெண்ணுக்கேற்ப மாற்றிப் பாடியிருத்தல் அவருக்கு எளிதாம். அவர் அவ்வாறு செய்திலர். ஆணின் கூற்றை ஆணின் கூற்றாகவே வைத்துக்கொண்டு பெண்குரலிற் பாடினார். ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுதல் அகத்திணை பயின்றார்க்குப் புதிதன்று. ராக் மரபிலோ காண்பவன் ஆண், காணப்படுபவள் பெண் என்பது எழுதா விதியாக இருந்தது. காணும் உரிமையைப் பெண்ணொருத்தி கேளாமலே எடுத்துக்கொண்டதுதான் அங்கு நேர்ந்த மீறல். ராபர்ட் மேப்பில்தார்ப் எடுத்த அட்டைப்படமும் இதனையே உணர்த்தும். வெண்சட்டை அணிந்து, கறுப்பு மேலங்கியைத் தோளில் இட்டு, ஒப்பனையோ புன்னகையோ இன்றி அவர் நம்மை நோக்குகின்றார்.

அத்தொகுப்பிலுள்ள ‘பேர்ட்லேண்ட்’ குழுவினரின் திறத்திற்குச் சான்றாகும். பீட்டர் ரைக் தம் தந்தையைப் பற்றி எழுதிய நூலைத் தழுவியது இப்பாட்டு. தந்தையை இழந்த சிறுவன் அவர் மீண்டு வருதலைக் கனாக் காண்பதைப் பாடுவது. பியானோ மெல்லத் தொடங்குகிறது; சிறுவனின் ஏக்கம் மிகுந்தோறும் குரல் உயர்கிறது; கிதார் அதனை முந்தாமல் உடன் ஏறுகிறது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீளும் இப்பாட்டில் கருவிகள் சொல்லுக்குச் செவிசாய்க்கின்றன. 1976இல் வந்த ‘ரேடியோ எத்தியோப்பியா’வில் இந்நிலை மாறிற்று. அங்கே ஓசை மிக்கது, சொல் அமிழ்ந்தது.

1977 சனவரியில் பிளாரிடாவின் தாம்பா நகரில் மேடையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிவுற்ற ஸ்மித், மறு ஆண்டில் ‘ஈஸ்டர்’ தொகுப்புடன் மீண்டார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் இணைந்து இயற்றிய ‘பிகாஸ் தி நைட்’ அமெரிக்க விற்பனை வரிசையில் 13ஆம் இடத்தை எய்தியது. அதே தொகுப்பில்தான் அவருடைய பெரும்பிழையும் உள்ளது. கறுப்பின மக்களை இழிவுபடுத்த வழங்கிய வசைச்சொல்லை ஒரு பாட்டின் தலைப்பாக்கி, சமூகத்திற்குப் புறத்தே நிற்கும் கலைஞர் யாவர்க்கும் அதனைப் பெயராகச் சூட்டினார். சொல்லுக்குப் புதுப்பொருள் தருவதே தம் கருத்து என்பது அவர் கொண்ட நியாயம். சொற்பொருள் வழக்கினால் அமைவது. ஒருவர் விருப்பத்தால் மாறுவதன்று. அச்சொல்லால் தாக்குண்டோர் அப்புறநிலையைத் தாமே தேர்ந்தவரல்லர். கலைஞரோ விரும்பிப் புறத்தே நிற்பவர்.

இவ்விரண்டு மீறல்களையும் ஒருங்கு வைத்து நோக்குக. இரண்டிலும் அவர் தமக்கு உரியதல்லாததை எடுத்துக்கொண்டார். முன்னதில் எடுத்தது வலியோரின் சலுகை. பின்னதில் எடுத்தது எளியோரின் புண். துணிவு ஒன்றே, அறம் ஒன்றன்று. மீறலைத் துணிவால் மட்டும் அளப்போர் இவ்வேறுபாட்டைக் காணமாட்டார்.

1979 செப்டம்பரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிற் பெருந்திரளின் முன் பாடிய பின் குழு கலைந்தது. 1980இல் பிரெட் ஸ்மித் என்னும் கிதார்க் கலைஞரை மணந்து டெட்ராயிட் நகரையொட்டி அவர் வாழ்ந்த ஆண்டுகளைத் தோல்வி எனச் சிலர் பழித்தனர். பிறர் எதிர்பார்ப்புக்கு அடங்காமையே அவர்தம் கலையின் உயிராதலின், மேடை துறந்ததையும் அதனோடு பொருந்துவதாகவே கொள்ளல் தகும். மேப்பில்தார்ப் 1989இலும், சோல் 1990இலும், கணவரும் உடன்பிறந்தாரும் 1994இலும் மறைந்தனர். அத்துயரினின்று பிறந்த 1996ஆம் ஆண்டுத் தொகுப்பாகிய ‘கான் எகெய்ன்’ கையறுநிலைப் பாடல்கள் நிறைந்தது. அங்கே கிளர்ச்சி அடங்கி, சொல் மீண்டும் தெளிகின்றது. மேப்பில்தார்ப்போடு வாழ்ந்த இளமைக் காலத்தை உரைக்கும் ‘ஜஸ்ட் கிட்ஸ்’ என்னும் நூல் 2010இல் அமெரிக்கத் தேசிய நூற்பரிசு பெற்றது.

இதுகாறும் கூறியவற்றால், ஸ்மித்தின் பெருமை அதிர்ச்சி விளைத்தலில் இல்லை என்பது பெறப்படும். சொல்வார் யார், அவர் சொல்லை இசை எங்ஙனம் செவிமடுத்தல் வேண்டும் என்னும் இரண்டையும் அவர் மாற்றி அமைத்தார்; அதுவே நின்றது. அதிர்ச்சி ஒரு தலைமுறையில் ஆறிவிடும். யாரிடமிருந்து எதனை எடுத்துப் பாடினார் என்னும் வினாவோ பாட்டு உள்ளளவும் அதனைத் தொடர்ந்து வரும்.