கொடியும் கிண்ணமும்: முந்திரிகைத் தேறல் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

தமிழிலக்கிய உலகிற்குள் முந்திரிகைத் தேறல் மும்முறை வந்துசேர்ந்துள்ளது. மும்முறையும் அது கலத்திலே வந்ததேயன்றிக் கொடியிலே வரவில்லை. முதன்முறை யவனர் மரக்கலங்களில் வந்தது. புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே, யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறனுக்கு அளித்தலை நக்கீரர் பாடினார். 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகள், அத்தகைய வணிகம் கற்பனையன்று என்பதை உறுதிப்படுத்தின. இரண்டாம் முறை கிறித்தவ மறைநூல் மொழிபெயர்ப்புகளின் வழியாகவும், மூன்றாம் முறை கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளையின் உமர் கய்யாம் பாடல்கள் வழியாகவும் வந்தது. கவிமணிக்கு ஆதாரமாயிருந்தது 1859இல் வெளிவந்த பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில ஆக்கமாகும்.

மன்னனின் பொற்கலம், பலிபீடத்தின் பாத்திரம், கவிஞனின் கிண்ணம் ஆகிய மூன்றும் நுகர்வின் சின்னங்களே. நமது விமரிசகர் பலரும் இக்கிண்ணங்களையே சுற்றிவந்தனர். கய்யாமின் மது இன்பமா, ஞானமா என்ற வினாவிலே பல பக்கங்கள் செலவாயின. அம்மது யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில் விளைந்தது என்ற வினாவோ எழவேயில்லை. கொடியைக் கண்டறியாத வாசகனிடம் அவ்வினாவை எதிர்பார்க்கலாமா என்று கேட்கலாம். கொடியோடு வாழும் வாசகனிடம் எதிர்பார்க்கலாம் என்பதே நமது விடை.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலே அமைந்த களுதாவளை அத்தகைய வாசகர் வாழும் ஊர். பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலையாலும் பெயர்பெற்றது. அங்குள்ள கொடி முந்திரிகையன்று. மிளகின் இனத்தைச் சேர்ந்த வெற்றிலை. எனினும் இரண்டுக்குமுள்ள தொழில் ஒப்புமை சிறிதன்று. இரண்டும் விதையாலன்றித் தண்டுத் துண்டங்களாற் பெருக்கப்படுவன. இரண்டும் தாமாக நிற்கமாட்டா. தாங்குதடியோ பந்தலோ வேண்டும். இரண்டும் குடும்பத்தார் அனைவரது கைகளையும் வேண்டுவன. வெற்றிலைக்கு நிழலும் இடையறாத ஈரமும் தேவை. மணல் நிலத்திலே அந்த ஈரத்தைக் காப்பது எளிய வேலையன்று. முந்திரிகையோ வெயிலையும் வறண்ட பருவத்தையும் நாடுவது. வடகீழ்ப் பருவமழையின் ஈரத்திலே அதற்குப் பூஞ்சண நோய் பற்றும். ஆகவே களுதாவளையார் வெற்றிலையை நட்டமை அறியாமையாலன்று. மண்ணையும் மழையையும் அறிந்தமையால்.

ஆயின் ஒப்புமை ஓரிடத்திலே முறிகிறது. நமது ஆய்வுக்கு அம்முறிவே முக்கியமானது. கிள்ளிய வெற்றிலை சில நாட்களில் வாடிவிடும். இன்று விலை இறங்கினாலும் இன்றே விற்றாக வேண்டும் என்பதால் விலையை வைப்பவன் வாங்குபவனே. முந்திரிகைப் பழமும் விரைவில் அழுகுவதுதான். ஆனால் பிழிந்து நொதிக்கவிட்டால், பழத்தின் வெல்லம் மதுசாரமாக மாறி, சாறு கெடாது நிற்கும். ஆண்டுக்கணக்கிலும் வைத்திருக்கலாம். எனவே முந்திரிகை விளையும் நாடுகளிலே தேறல் முதற்கண் ஒரு களஞ்சியம். பயிர் செய்வோன் காலத்தை வியாபாரியிடமிருந்து மீட்டெடுக்கும் வழி. இன்பமும் ஞானமும் அதன்பின் வந்தவை.

இந்நோக்கோடு மாற்குவின் நற்செய்தி 12ஆம் அதிகாரத்து உவமையை மீளப் படிப்போம். ஒருவன் தோட்டம் நாட்டி, வேலியடைத்து, ஆலைக்குழி தோண்டி, கோபுரங் கட்டி, அதன்பின்னரே குத்தகைக்கு விடுகிறான். பிரசங்கங்களிலே வேலிக்கும் கோபுரத்துக்கும் ஆன்மீகப் பொருள் கூறக் கேட்டிருக்கிறோம். உவமையின் இறையியற் பொருளை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கதை உலகியல் விபரத்திலே எத்துணைக் கண்டிப்பாக இருக்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். பிழியும் ஆலை நிலவுடைமையாளனுக்கே உரியது என்பது குத்தகைக்கு முன்னரே சொல்லப்பட்டுவிட்டது. விளைவைக் காத்துவைக்கும் சாதனம் பயிரிடுவோன் கையில் இல்லை. போடியாரின் வயலைச் செய்து, களத்திலே பங்கு அளந்து கொடுத்த மரபைக் கொண்ட மட்டக்களப்பு வாசகனுக்கு இக்கதை அந்நியமானதன்று. மொழிபெயர்ப்பின் 'திராட்சத்தோட்டம்' என்ற சொல்லே அதனைத் தூரத்திலே நிறுத்திவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சிலே இன்றும் அப்பழம் முந்திரிகைதான். கசுக்கொட்டை தருவது மரமுந்திரிகை.

யாழ்ப்பாணத்தையும் இங்கு நோக்க வேண்டும். அதன் செம்மண்ணிலும் கிணற்று நீரிலும் முந்திரிகை வெற்றியோடு விளைகிறது. குளிர்காலம் இல்லாமையால் கொடி தானாக ஓய்வதில்லை. கத்தரித்தே அதனைக் காய்க்கத் தூண்டுகின்றனர். பழத்துக்குக் குறைவில்லை. ஆயினும் சிறு கமக்காரக் குடும்பம் தன் பழத்தைத் தானே தேறலாக்கி விற்கும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை. தேறல் என்றதும் நினைவுக்கு வருவது தோலகட்டி ஆச்சிரமமே. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928இல் நிறுவிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள் அதனை வடித்துவந்தனர். துறவோரின் கூட்டுழைப்பும் கோயில்களின் தேவையும் அத்தொழிலைத் தாங்கின. தனிக் குடும்பத்துக்கு இவ்விரண்டும் இல்லை.

காலநிலையை மட்டும் காரணங் காட்டல் போதாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மதுவகை உற்பத்தி செய்தலைக் குற்றமாக்கிற்று. பனையும் தென்னையும் ஏறிக் கள் இறக்கியோரைத் தவறணை முறைக்குள் கட்டிவைத்த அதே குடியேற்ற வரிக் கொள்கைதான் இதுவும். மதுவினால் ஏழைக் குடும்பங்கள் சீரழிவதை நாம் நன்கறிவோம். மதுவிலக்குக் கோருவோரின் கவலை பொய்யன்று. ஆனால் அரசு நாடியது முதன்மையாக வருவாயையே. பெரும் வடிசாலை அனுமதி பெறும். பந்தலின்கீழ் நிற்கும் குடும்பம் பழத்தைப் பச்சையாகவே விற்கும். உவமையின் ஆலைக்குழி இங்கே சட்டமாக உருமாறி நிற்கிறது.

பொருளியலைக் கவிதையின்மேற் சுமத்துகிறோம் என்று சிலர் கூறக்கூடும். பிட்ஸ்ஜெரால்டின் ஆக்கத்திலேயே களிமண்ணைப் பிசையும் குயவன் வருகிறான். மண்குடங்கள் தம்மை வனைந்தவனைப் பற்றிப் பேசுகின்றன. குடத்தைச் செய்தவனுக்கு இடமளித்த கவிதையிலே கொடியைக் கத்தரித்தவனுக்கு இடமில்லை. இவ்வேறுபாட்டைக் கவிதையே நம்முன் வைக்கின்றது. கவிமணியின் தமிழை நயந்தோர் அதனை வினவாது விட்டமை விமரிசனத்தின் குறையேயாகும்.

களுதாவளையிலிருந்து தொடங்கும் வாசிப்பு இன்னொன்றையும் கேட்கவேண்டியிருக்கும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயலைக் குத்தகைக்குச் செய்வோனுக்குப் பாதுகாப்பளிக்க முற்பட்டது. பெயரே கூறுவதுபோல் அது நெற்காணிக்குரியது. பிறர் காணியிலே கொடி நட்டு, நீரூற்றி, நிழலமைத்து, அது தழைக்கும்வரை காத்திருக்கும் தோட்டக்காரன் அச்சட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றான்.