வினாவிடையும் வழக்குரையும்: தம்பிலுவில் இல்ல வழிபாட்டின் ஆயத்தம் குறித்து

ஈழத்துச் சமய வழக்காறுகள் பற்றி எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை கோயிலையும் அதன் சடங்கையுமே பொருளாகக் கொண்டுள்ளன. வீட்டில் விளக்கேற்றுவதற்கு முன் நிகழ்வன, அதாவது கூட்டல், மெழுகல், தோய்தல், பாத்திரம் துலக்கல் ஆகியன, ஆய்வாளர் கவனத்தை அதிகம் பெற்றதில்லை. இவை இலக்கிய மாணவனுக்கு உரிய பொருளா என்று கேட்கலாம். இவ்வாயத்தங்களுக்குப் பின்னால் நூல்கள் நிற்கின்றன. அந்நூல்கள் ஒன்றோடொன்று உடன்படுவனவுமல்ல. ஆகவே அவற்றைப் படித்துப் பார்ப்பது எமது தொழிலுக்குள் அடங்கியதே.

அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோவிலுக்கு அயலே உள்ள தம்பிலுவில் கண்ணகையம்மன் வழிபாட்டாற் பெயர்பெற்றது. வைகாசித் திங்களிற் கோயிற் கதவு திறப்பதற்கு முன்னரே வீடுகளில் வேலை தொடங்கிவிடும். முற்றம் கூட்டி மஞ்சள்நீர் தெளிப்பர். மண்தரையாயின் சாணமிட்டு மெழுகுவர். மச்சம் காய்ச்சிய சட்டிகள் புறத்தே போகும். சைவச் சமையலுக்குத் துலக்கிய பாத்திரமோ புதுச்சட்டியோ அடுப்பேறும். கடலோர ஊரில் மீனை விலக்குவது சிறிய விடயமன்று. வீட்டில் எவருக்கேனும் துடக்கு உண்டா என்பதும் அந்நாட்களிற் கணக்கெடுக்கப்படும்.

இவ்வாயத்தத்திற்கு எழுத்துவடிவ விதி தந்த நூல்களுள் தலையாயது ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை. அதன் இரண்டாம் புத்தகத்து நித்தியகருமவியல் துயிலெழுதல், நீராடல் முதலிய ஒழுகலாறுகளை ஒழுங்குபடுத்துகின்றது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் பேர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய நாவலர், கிறித்தவப் போதனையின் வினாவிடை முறை எத்துணை வலிமை வாய்ந்ததென்பதை அருகிருந்து கண்டவர். அம்முறையையே சைவத்தின் காப்புக்குப் பயன்படுத்தினார். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் அது ஒரு வரலாற்றுத் தேவையாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வடிவம் தனக்குரிய கருத்தையும் உடன்கொண்டே வரும். இங்கே வினா, விடை முன்பே தெரிந்த ஒருவரால் எழுப்பப்படுவது; மாணவன் ஒப்புவிக்கலாம், எதிர்வினா எழுப்ப இடமில்லை. வழிபடுவோன் இந்நூலில் தனியனாகிய ஆடவன். அவனது உடலே தூய்மை செய்யப்படவேண்டிய பொருள்.

அத்தூய்மைக்கு வேண்டியவை எங்கிருந்து வருகின்றன? நூல் தோய்த்துலர்ந்த ஆடை வேண்டுமென்கிறது. தோய்த்தவர் யாரென்று கூறுவதில்லை. நீர் வேண்டும், அள்ளியவர் யார்? மெழுகிய தரை வேண்டும், மெழுகியவர் யார்? பண்டமொன்றைக் கையிலெடுப்பவன் அதனுள் உறைந்துள்ள உழைப்பைக் காண்பதில்லை என மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தில் விளக்கினார். சடங்குத் தூய்மையும் அவ்வாறே உழைப்பை மறைத்து நிற்கும் ஒரு விளைபொருள். கிழக்கிலங்கையிற் பூப்பு, பிள்ளைப்பேறு, சாவு ஆகியவற்றால் வரும் துடக்கு, வண்ணார் கொண்டுவரும் மாற்றுச் சீலை இன்றிக் கழியாது என்பது பழைய வழக்கு. பிறரைத் தூய்மையாக்கும் தொழிலைச் செய்தமையாலேயே அவர்கள் தாழ்ந்தோராக வைக்கப்பட்டனர். இம்முரண்பாட்டை வினாவிடை நூல்கள் எவையும் வினாவாக்கவில்லை.

பெண்ணின் நிலை இதனினும் சிக்கலானது. இக்கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடிமுறை தாய்வழியிற் செல்வது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்பவன். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். ஆக, வழிபாடு நிகழும் வீடு அவளுடையது. ஆயத்த வேலையிற் பெரும்பங்கும் அவளுடையது. ஆயினும் துடக்கென்ற கணக்கில் அவ்வீட்டின் தூய்மைக்கு முதல் இடையூறாக எண்ணப்படுபவளும் அவளே. சொத்துரிமை ஒருபுறமும் கருத்தியல் மறுபுறமும் இழுக்கும் இந்நிலையை, பொருளாதார அடித்தளம் மாறினால் எல்லாம் தானே மாறும் என்ற எளிய சூத்திரத்தால் விளக்கிவிட முடியாது.

இதே கரையில், வடக்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947) வேறொரு வழி காட்டினார். இறைவன் உவக்கும் மலர் எதுவென வினவும் அவரது புகழ்பெற்ற பாடல் உள்ளத்தையும் கூப்பிய கையையும் கண்ணையுமே மலர்களாகக் கூறுகின்றது. மூன்றும் வழிபடுவோனிடமே உள்ளவை. பிறர் பறித்துத் தரவேண்டியவையல்ல. சாதியாசாரத்தின் மீது அமைதியாக விழுந்த அடி அது. ஆனாலும் முற்றம் கூட்டவேண்டியவர் யார் என்ற கேள்வி அங்கும் வாசலிலேயே நிற்கிறது.

இனி, கண்ணகி வழக்குரை. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த இந்நூல் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பெறுவது. சிலப்பதிகாரத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளை அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். அவற்றை ஈண்டு விரிக்கவில்லை. எமக்கு வேண்டியது நூலின் போக்கு. கொலைக்களத்தைக் கடந்து, உயிர்மீட்பைக் கடந்து, அரசன் முன் ஒரு பெண் வழக்குரைக்கிறாள்; நகர் எரிகிறது; குளிர்ச்சியில் நூல் முடிகிறது. இங்கும் வினாவே மையம். ஆனால் இவ்வினாவிற்கு அரசனிடம் விடையில்லை.

இதனாற் பெறப்படும் வேறுபாடு ஆழமானது. வினாவிடை மரபில் வழிபடுவோன் மாசுடையவன். தெய்வத்தின்முன் நிற்கத் தன்னைத் தூய்மை செய்கிறான். கண்ணகை மரபிலோ தெய்வமே வெப்பத்தோடு நிற்கிறது. அவ்வெப்பத்திற்குக் காரணம் அரசின் அநீதி. எனவே வீட்டார் செய்யும் ஆயத்தம் அநீதியிழைக்கப்பட்ட ஒருத்தியை ஆற்றும் பணியாகிறது. துடக்கு விதிகள் இங்கும் உண்டு, சில வேளைகளில் இன்னும் கடுமையாக உண்டு. அவை எதற்காகக் கைக்கொள்ளப்படுகின்றன என்பதே மாறுகிறது.

அம்மாள் வருத்தம் கண்ட வீட்டில் இது தெளிவாகப் புலப்படும். வாசலில் வேப்பிலை செருகப்படும், தாளிதம் நிற்கும், அயலார் உட்புகார், உரத்த பேச்சு அடங்கும். நோயாளியின் உடலிலேயே அம்மன் எழுந்தருளியிருப்பதாகக் கொள்வதால், பணிவிடை வழிபாடாகின்றது. தொற்று நோயாளியை ஒதுக்கிவைத்துப் பேணும் பயனும் இதனுள் இருந்தது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது; அது தடுப்பூசியின் வெற்றி, வேப்பிலையின் வெற்றியன்று. எனினும் மருத்துவம் எட்டாத காலத்தில் மக்கள் கையிலிருந்த ஒரே ஒழுங்கு இதுவே.

நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்திற்குப் புறம்பானதெனக் கண்டித்தார். அவர் வழிவந்தோரின் செல்வாக்கால் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்ற பெயர்களைப் பெற்றன. முற்போக்கு அணியினராகிய நாமும் வேறொரு திசையிலிருந்து அதே தவறைச் செய்ததுண்டு. மதத்தை அபினென்ற மார்க்ஸின் சொல்லை எடுத்தாண்ட அளவிற்கு, அதற்கு முன்னுள்ள வரிகளில் அவர் மதத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகக் கண்டதை நாம் எடுத்தாளவில்லை. ஆறுமுக நாவலரின் ஆசாரத்தையும் தம்பிலுவிற் கிழவியின் குளிர்த்தி நேர்ச்சையையும் ஒரே மூடநம்பிக்கை என்ற பைக்குள் இட்டோம். இழப்பு எமதே. போர் ஆண்டுகளிலும், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்த பின்னரும், எந்த அரசன்முன் வழக்குரைப்பது என்று அறியாது நின்ற மக்களுக்குக் கண்ணகையின் வழக்கு பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

இன்று பாடசாலையிற் பயிலும் சிறுமி சைவசமயப் பாடத்திற்கு வினாவிடை எழுதுகிறாள். வைகாசியில் வழக்குரையும் கேட்கிறாள். துடக்கென்று வீட்டில் இருத்தப்படும் நாட்களிற் கோயிலுக்குச் செல்ல அவளுக்கு இயலாது. ஆனால் இப்போது கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். பாண்டியன் அவையில் ஒருத்தி நீதி கேட்கும் இடம் வேலிகளைத் தாண்டி அவள் இருக்கும் அறைக்கும் வந்து சேர்கிறது.