புள்ளியில் இடறும் வாசிப்பு

விக்கிரவாண்டி என்ற ஊர்ப்பெயரைக் கண்ணால் படித்தால் ஏழு எழுத்து. அதையே ஒரு யூனிகோடு (யூடிஎஃப்-8) கோப்பிலிருந்து எடுத்து எண்ணினால் 39 பைட். வானவில் எழுத்துருவில் தட்டி வைத்த பழைய கோப்பில் எட்டே பைட்: 201, 161, 187, 117, 116, 104, 169, 111. இப்படிக் கோப்பை பைனரியாகத் திறந்து, எழுத்தென்ற எண்ணமே இல்லாமல் எண்களை மட்டும் வரிசையாகப் பார்ப்பது ஓர் அலாதியான வாசிப்பு. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண், அவ்வளவுதான். அதை எந்த எழுத்தாகப் படிக்க வேண்டும் என்பது வெறும் எழுத்துக் கோப்பிற்குள் எழுதப்பட்டிருக்காது. படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கலையின் சுவையே அங்கேதான் தொடங்குகிறது.

தமிழக அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கியது வானவில். டிடிபி கடைகளில் பாமினியும் வேறு பல எழுத்துருக்களும் ஓடின. இவை எல்லாம் ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பழைய குடித்தனக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. வானவில்லில் விழுப்புரத்தின் ‘ப்’ ஜப்பானிய யென் குறியாகத் தெரியும். விக்கிரவாண்டியின் ‘ண்’, திண்டிவனத்தின் ‘ண்’ இரண்டும் வட்டத்துக்குள் சி போட்ட காப்புரிமைச் சின்னமாகத் தெரியும். பழகியவருக்கு இது குப்பை அல்ல. யென் குறிகள் நிறைந்த பக்கத்தைப் பார்த்ததுமே வானவில் என்று சொல்லிவிடுவார். தமிழில் ‘ப்’ அவ்வளவு வரும்.

இந்த வானவில் பைட்டுகளைத் தவறுதலாக யூடிஎஃப்-8 என்று எண்ணிப் படிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த அந்த முறையின் அழகை இங்கே பார்க்கலாம். அதில் 128 முதல் 191 வரையான பைட் எழுத்தின் தொடர்ச்சியாக மட்டுமே வரும், தொடக்கமாக வராது. தொடக்க பைட்டோ தனக்குப் பின் எத்தனை பைட் வரும் என்பதைத் தானே சொல்லிவிடும். தமிழுக்கு எப்போதும் மொத்தம் மூன்று (உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக): முதலில் 224, அடுத்து 174 அல்லது 175, மூன்றாவதில் எழுத்துக்கு எழுத்து மாறும் எண். தமிழ்க் கோப்பின் நடுவில் எங்கே விழுந்தாலும் அதிகபட்சம் இரண்டு பைட் பின்னால் போனால் எழுத்தின் தலை கிடைத்துவிடும்.

வானவில் ‘விழுப்புரம்’ இந்த விதியிடம் முதல் பைட்டிலேயே மாட்டிக்கொள்கிறது. 201 என்பது ‘எனக்குப் பின்னால் ஒரு தொடர்ச்சி உண்டு’ என்று சொல்ல, அடுத்து 71 வந்து நிற்கிறது. பிழை. ‘விக்கிரவாண்டி’ அப்படி இல்லை. 201க்குப் பின் 161 வருகிறது. இது செல்லுபடியாகும் ஜோடி, ஒலியியலாளர் பயன்படுத்தும் ஒரு ஜி எழுத்து. ‘வி’, ‘க்’ இரண்டும் சேர்ந்து இப்படி ஏமாற்றிவிட்டுத் தப்பிக்க, ‘கி’யின் 187இல்தான் நிரல் நிற்கிறது. ஒரே மாவட்டத்தின் இரண்டு ஊர்களுக்குள் இத்தனை வேறுபாடு. பிழைச் செய்தி சொல்லும் இடம் தவறு தொடங்கிய இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

எதிர்த் திசையில் நடக்கும் தவறு இன்னும் நயமானது. தமிழ் யூடிஎஃப்-8 கோப்பை, விண்டோஸ் கணினிகளின் மேலை ஐரோப்பியப் பட்டியலான 1252 கொண்டு படித்தால், தலைக்கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வரும். 224ம் 174ம்தான் அவை. அந்தப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. கடைசியைத் தவிர மற்ற நான்கும் தமிழ் மீது வந்து விழுகின்றன. 129 உகரக் குறியின் கடைசி பைட், 143 ஏகாரத்துக்கு, 144 ஐகாரத்துக்கு. 141 யாருக்கு? புள்ளிக்கு. 1252ஐ இயல்பாக எடுத்துக்கொள்ளும் விண்டோஸில் பைத்தான் நிரலொன்று குறியாக்கத்தைச் சொல்லாமல் தமிழ்க் கோப்பைத் திறந்தால், பெரும்பாலும் முதல் மெய்யெழுத்தையோ முதல் உகரத்தையோ தாண்டாது. ‘விக்கிரவாண்டி’ என்றால் பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பதினோராவது பைட்டில், ‘க்’கின் தலைப்புள்ளியில், நிற்கும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்ட புள்ளி இங்கே நிரலையே நிறுத்துகிறது.

அப்படி நிற்பதை நான் மதிக்கிறேன். பிழையைக் கண்டதும் பலர் செய்வது, ‘முடியாத பைட்டை விட்டுவிட்டு மேலே போ’ என்று நிரலுக்கு ஒரு சொல் சேர்ப்பது. அது பெரிய கொடுமை. காலி இடத்து பைட்டுகள் போனபின் புள்ளிக்கும் உகரத்துக்கும் மிஞ்சுவது ஒரே 224, 175. ‘கண்’ணும் ‘கணு’வும் ஒன்றாகிவிடும். ‘ஐந்து’ம் ‘ஏந்து’ம் ஒன்றாகிவிடும். இனி எந்த வித்தகரும் பிரித்துத் தர முடியாது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி போட்டு நிரப்புவதும் அப்படித்தான். சேமித்துவிட்டால் அந்த இடங்களில் 239, 191, 189 மட்டுமே திரும்பத் திரும்ப இருக்கும். தவறாகப் படித்ததை மீட்கலாம், தொலைத்ததை மீட்க முடியாது. லத்தீன்-1 என்ற பட்டியல் 256 இடங்களையும் நிரப்பி வைத்திருப்பதால், அதில் தவறாகப் படித்த தமிழை அதே வழியில் பைட்டாக்கி, யூடிஎஃப்-8 என்று மறுபடி படித்தால் ஒரு புள்ளி குறையாமல் வந்து சேரும். முதன்முறை அதைப் பார்ப்பவர் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

புலம்பெயர்ந்த தமிழர்களும் இங்குள்ளவர்களும் இணையத்தில் கூடி உருவாக்கிய திஸ்கி குறியாக்கத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. அதில் இகரத்துக்கு 173ஆம் இடம். லத்தீன் பட்டியலிலோ அது வரியிறுதியில் சொல்லை உடைக்க உதவும் மென்கோடு, தேவைப்பட்டால் ஒழியத் தெரியக் கூடாதது. சில மென்பொருள்களில் ‘இ’ காணாமல் போனது. 1.7ஆம் பதிப்பில் 254ஆம் இடத்தையும் இகரத்துக்குத் தந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியின் நூல்கள் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது இரண்டு இகரத்தையும் ஒன்றாக்கியதோடு வேலை முடியவில்லை. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும்: ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் எழுதும். முன்னால் நிற்கும் கொம்பை எடுத்துப் பின்னால் வைத்து, காலோடு சேர்த்து ஒகரமாக்க வேண்டும்.

இதில் மிக நுட்பமான பிழை, பிழைச் செய்தியே வராத பிழை. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே வடிவம். மாற்றி நிரல்கள் அதை ‘ள’ என்றே எடுத்துக்கொண்டதால் கௌரவம், மௌனம், வௌவால் எல்லாம் கொம்பு, ‘ள’ என்று பிரிந்து சேமிக்கப்பட்டன. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ‘கௌ’ ஆறு பைட், பிரிந்த வடிவம் ஒன்பது. தேடினால் கிடைக்காது. இதைத் திருத்த முனைந்து, எகரக் குறியும் ‘ள’வும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் மாற்றினால் வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் சிதைந்துவிடும். ‘ள’வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்து, வந்தால் தொடாமல், வராத இடத்தில் மட்டும் சேர்ப்பதே சரியான கைவேலை.