தண்ணீர் வாகு

திருநெல்வேலி அல்வாவுக்கு ருசி தாமிரபரணித் தண்ணீரால் என்பார்கள். கோதுமைப் பாலும் நெய்யும் கிண்டுகிற கையும் இருக்க, தண்ணீருக்கு எவ்வளவு பங்கு என்று எனக்கு எப்போதும் சந்தேகம். சிப்பி விஷயத்தில் அந்தச் சந்தேகமே கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்றே அது சதை பிடிக்கிறது.

குலசேகரன்பட்டினக் கரையில் சிப்பி என்றால் முத்து ஞாபகம்தான் வரும். கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் கிடக்கிற அந்த முத்துச்சிப்பி வேறு. அதன் பெரிய குளிப்பு 1961-உடன் நின்றது. தின்கிற சிப்பி கழிமுகத்துக் கல்லிலும் அலையாத்தி வேரிலும் ஒட்டி வளர்வது. கிராசோஸ்ட்ரியா மதராசென்சிஸ் என்று பெயரில் மதராஸ் இருந்தாலும், அதை வளர்க்கும் வித்தை தேறியது தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில். காலி ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் குஞ்சுகள் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெளியே பார்த்தால் உடைந்த காரைக்கட்டி. இடது ஓடு கிண்ணம், வலது ஓடு மூடி. திறந்தால் வழவழப்பான வெள்ளை. நடுவில் அவரை விதை வடிவில், நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் ஒரு தடம். மூடியை இழுத்துப் பிடித்திருந்த தசை விட்டுப்போனது அது. ஆவியில் வேகவைத்த சதை முதலில் கரிக்கும். மெல்ல மெல்ல இளநீர் வழுக்கைபோல ஓர் இனிப்பு எழும்பும். சேர்த்துவைத்த மாவுச்சத்தின் இனிப்பு அது. முட்டையிட்டு ஓய்ந்த சிப்பியில் அதைத் தேடிப் பயனில்லை, சதை நீர்த்துக் கிடக்கும்.

பிரான்சின் பெலோன் தட்டைச்சிப்பியில் கடைசியாகச் செம்புத் தண்ணீர் வாடை நிற்குமாம். ஜப்பானியப் பசிபிக் சிப்பியில் வெள்ளரிப்பிஞ்சு மணம், குமாமோட்டோவில் வெண்ணெய். அமெரிக்கக் கிழக்குக்கரையில் வேடிக்கை: கனடாக் குளிரிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை இனம் ஒன்றுதான், விரிகுடாவுக்கு ஒரு பெயர், ஒரு ருசி. உடன்குடிக் கருப்பட்டி என்று ஊர் சொல்லி வாங்குகிற நமக்கு இது புதிதா என்ன?

சாக்கடைத் தண்ணீரையும் சிப்பி அதே விசுவாசத்தோடு உடம்பில் வைத்துக்கொள்ளும். அதனால் பச்சையாகத் தின்ன நான் வரவில்லை. ஆனால் தூத்துக்குடிக் கழி, முட்டுக்காடு, கேரளத்து அஷ்டமுடிக் காயல் மூன்றிலும் இதே இனம் இருக்கிறது. மூன்றையும் வேகவைத்து ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், மிளகுப்பொடிகூடத் தூவாமல்.